உழவர் சந்தையில் காய்கறி விற்பது எப்படி: விதைப்பிலிருந்து வரவு செலவு வரை

ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் பறித்த கத்தரிக்காய்க்கு மண்டியில் ஒரு விலை, உழவர் சந்தையில் வேறொரு விலை. இந்த வித்தியாசத்தை நம்பிச் சந்தைக்கு வருகிறவர்களில் பலர் ஒரு பருவம் முடிவதற்குள் மறுபடியும் மண்டிக்கே போய்விடுகிறார்கள். சந்தையைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கோளாறு பெரும்பாலும் தோட்டத்தில் இருக்கிறது. மண்டிக்கு ஒரே காய் மூட்டை மூட்டையாக வேண்டும். உழவர் சந்தை மேடைக்குப் பத்து வகை வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்துக் கிலோ போதும். ஆனால் அது நாள் தவறாமல் வர வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் பயிர்த் திட்டத்துக்குத்தான் அதிக இடம்.

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆந்திராவில் இதே போன்ற ரைத்து பஜார் வந்திருந்தது. பஞ்சாபில் அப்னி மண்டி 1987லேயே தொடங்கிவிட்டது. உழவர் சந்தையில் விளைவித்தவரே விற்க வேண்டும், நடுவில் தரகு கூடாது, மேடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே கிடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் நிர்வாக அலுவலர் சந்தையைப் பார்த்துக்கொள்கிறார்.

அடையாள அட்டை

அட்டை இல்லாமல் மேடை கிடைக்காது. பக்கத்து உழவர் சந்தை அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குங்கள். நில உரிமை விவரம் காட்டும் சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று அல்லது பயிர் விவரம் காட்டும் அடங்கல், ஆதார், ரேஷன் அட்டை நகல்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். சிட்டாவை இணையத்தில் எடுக்கலாம். விண்ணப்பம் கொடுத்த பிறகு தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலர் நேரில் வந்து வயலைப் பார்ப்பார். என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று குறித்துக்கொள்வார். அதன் பிறகுதான் அட்டை.

இதில் மூன்று இடங்களில் சிக்கல் வரும். குத்தகை நிலத்தில் பயிரிடுகிறவருக்குப் பட்டா அவர் பெயரில் இருக்காது. 'இவர்தான் சாகுபடி செய்கிறார்' என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்றில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அடுத்தது, சந்தைக்குப் போகிறவர் யார் என்பது. தோட்டம் கணவர் பெயரில், விற்பது மனைவி என்றால் விண்ணப்பத்திலேயே இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். மூன்றாவதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது: கத்தரி, வெண்டை என்று பதிந்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பாகற்காயோடு போய் நின்றால் 'வெளியில் வாங்கி வந்ததா?' என்ற கேள்வி வரும். புதுப் பயிர் வைத்த வாரமே அலுவலகத்தில் சொல்லிப் பதியுங்கள்.

அட்டையை யாருக்கும் இரவல் தராதீர்கள். ஒரு வியாபாரி 'நாளுக்கு இவ்வளவு தருகிறேன், அட்டையை மட்டும் கொடுங்க' என்று கேட்டு வருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவர் மண்டியில் வாங்கிய சரக்கைக் குவித்து உங்கள் பெயரில் விற்பார். சோதனையில் பிடிபட்டால் போவது உங்கள் மேடை.

அரை ஏக்கரைப் பிரிக்கும் விதம்

ஐம்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிரிப்பு இப்படி இருக்கலாம்: கீரைக்கு 8 சென்ட், வெண்டைக்கு 10, கத்தரிக்கு 10, தக்காளிக்கு 7, கொத்தவரைக்கு 5, பாகல், பீர்க்கன் பந்தலுக்கு 8. மிச்சம் 2 சென்ட் நடைபாதைக்கும் வாய்க்காலுக்கும். வரப்போரம் முருங்கை, அகத்தி, பப்பாளி, இரண்டு மூன்று கறிவேப்பிலை.

கீரையைத்தான் முதலில் சரியாகப் போட வேண்டும். எட்டு சென்டையும் ஒரே நாளில் விதைத்தால் 25ஆம் நாள் முழுவதும் ஒன்றாக அறுவடைக்கு வந்து நிற்கும். இரண்டு நாள் விற்பீர்கள்; அப்புறம் தண்டு முற்றி மாட்டுக்குத்தான் போகும். எட்டு சென்டை நான்காகப் பிரித்து வாரம் இரண்டு சென்ட் விதையுங்கள். சென்டுக்கு 10 முதல் 15 கிராம் முளைக்கீரை விதை, அதைப்போல் பத்து மடங்கு மணலில் கலந்து தூவ வேண்டும். விதை மிக நுண்ணியது. மணல் கலக்காவிட்டால் ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வழுக்கையாகவும் முளைக்கும். நல்ல பராமரிப்பில் சென்டுக்குச் சுமார் 40 கிலோ கிடைக்கும். வாரத்துக்கு 80 கிலோ என்றால் 300 கிராம் கட்டாக நாளுக்கு 35 முதல் 40 கட்டு. ஒரு மேடைக்கு இது அளவான சரக்கு. நான்காவது வாரம் விதைத்து முடித்த சில நாளில் முதல் பாத்தி அறுவடைக்கு வரும். அது காலியானதும் எரு போட்டுக் கொத்திவிட்டு மறுபடி அங்கிருந்து தொடங்கலாம்.

அந்த இரண்டு சென்டிலும் ஒரே கீரையைப் போடாதீர்கள். முளைக்கீரை, சிறுகீரை பாதி. மீதியில் வெந்தயக்கீரை, பாலக், கொத்தமல்லி. அரைக்கீரைக்கும் மணத்தக்காளிக்கும் தனிப்பாத்தி வைத்துவிடலாம். அவை வெட்ட வெட்டத் துளிர்ப்பவை, வாராவாரம் விதைக்கும் வேலை இல்லை. கொத்தமல்லி மட்டும் 40 நாள் கேட்கும். கோடையில் முளைப்புக் குறையும், சீக்கிரம் பூத்தும்விடும். சித்திரை வைகாசியில் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வெண்டையை ஐந்து ஐந்து சென்டாக இரண்டு தவணையில், மூன்று நான்கு வார இடைவெளியில் ஊன்றுங்கள். விதைத்த 45ஆம் நாள் முதல் பறிப்பு. பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். வீரிய ஒட்டு அல்லாத ரகங்களில் சென்டுக்கு 50 முதல் 60 கிலோ வரும் என்றால் ஐந்து சென்டில் 250 முதல் 300 கிலோ. ஐம்பது நாளில் இருபத்தைந்து பறிப்பு. ஒரு பறிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. தொடக்கத்திலும் கடைசியிலும் குறைவு, நடுவில் கூடுதல் என்பதால் நடுவில் உள்ள நாட்களில் பதினைந்து கிலோவைத் தாண்டும். அதற்குள் முதல் தவணை சரியத் தொடங்க, இரண்டாவது ஏறும். மேடை காலியாகாது.

கத்தரியும் தக்காளியும் நாற்று விட்டு நடுபவை. கத்தரி நட்டு இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கிப் பல மாதம் தாங்கும். ஊர் விரும்பும் நிறத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுங்கள். வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி கேட்பார்கள். இன்னோர் ஊரில் அதே காயை முள்ளைப் பார்த்து ஒதுக்குவார்கள். வரியோடிய கத்தரி போகிற ஊரில் கறுப்புக் கத்தரி தேங்கும். நாற்று விடுவதற்கு முன் ஒரு காலைப் பொழுது சந்தையில் சும்மா நின்று, எது எட்டு மணிக்குள் தீர்கிறது, எது பத்து மணிக்கும் குவியலாகக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாலே பாதித் தவறு குறையும்.

மருந்துத் தெளிப்பைப் பறிப்போடு சேர்த்தே திட்டமிட வேண்டும். ஒவ்வொரு பூச்சிக்கொல்லியின் லேபிளிலும், தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று காத்திருப்புக் காலம் போட்டிருக்கும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். ஏழு நாள் காத்திருப்பு உள்ள மருந்தை அடித்தால் நடுவில் மூன்று பறிப்பைக் கீழே கொட்டத்தான் வேண்டும். காய்ப்புத் தொடங்குவதற்கு முன்பே பூச்சியை அடக்கிவிடுவது, காய்ப்பில் இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று சமாளிப்பது ஆகியவைதான் நேரடி விற்பனைக்குத் தோது. மண்டிக்குப் போகும் காயை யார் தின்றார் என்று தெரியாது. இங்கே மறுநாள் எதிரில் வந்து நிற்பார்கள்.

நாள் பார்த்து விளைவித்தல்

பஞ்சாங்கம் தெரிந்த உழவருக்குச் சந்தையில் ஒரு கை கூடுதல். அமாவாசைக்கு வாழைக்காய், அவரை, கொத்தவரை, பூசணி கேட்பார்கள். அன்று வெங்காயம் மந்தம். அகத்திக்கீரை மற்ற நாளில் தொடுவாரில்லாமல் கிடக்கும். அமாவாசை அன்று மாட்டுக்குக் கொடுக்கவும், துவாதசி அன்று சமைக்கவும் கட்டுக் கட்டாகப் போகும். வரப்பில் நாலு அகத்தி இருந்தால் போதும், செலவே இல்லாத வரவு.

புரட்டாசியில் அசைவம் விட்டவர்களால் காய் விற்பனை ஏறும். அடுத்து ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழி. ஆயுத பூஜைக்கு வெண்பூசணி, பொங்கலுக்குப் பரங்கி, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, மஞ்சள் கொத்து. ஆடியில் அம்மன் கோவில் கூழுக்கு முருங்கைக்கீரை. முகூர்த்தம் நெருங்கிய நாட்களில் முருங்கைக்காயும் கத்தரியும் மண்டியிலேயே ஏறிவிடும். இந்தத் தேதிகளிலிருந்து பயிரின் வயதைப் பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறியுங்கள். வெண்பூசணிக்கு நூறு நாளுக்கு மேல் வேண்டும். ஆயுத பூஜைக்கு ஆனியில் ஊன்றியவருக்குத்தான் காய். ஆவணியில் நினைவு வந்தால் அடுத்த ஆண்டுதான்.

மாதத்தின் முதல் பத்து நாளில் கை தாராளம், இருபதுக்கு மேல் அரைக்கிலோ கால் கிலோவாகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வார நாளைப்போல் இரண்டு மடங்கு வரும் ஊர்கள் உண்டு. சனிக்கிழமை மாலைப் பறிப்பை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பறிப்பும் இரவுக் காவலும்

சந்தை விடியும்போதே தொடங்கிவிடும். ஆகவே பெரும்பாலான காயை முந்தைய நாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு பறிக்க வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் பறித்த காய் உள்ளே சூட்டோடு இருக்கும், இரவிலேயே வாடிவிடும்.

கீரையை நாலு மணிக்கு மேல் வேரோடு பிடுங்கி, வேர்மண் போகச் சுத்தமான தண்ணீரில் அலசி, நீர் வடியவிட்டுக் கட்டுங்கள். சாக்கடை கலந்த வாய்க்காலில் அலசிய கீரையை வாங்குகிறவர் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கட்டுக்கு நனைத்த வாழைநார் நல்லது. ரப்பர் வளையம் இளந்தண்டை வெட்டிவிடும், வெட்டுப்பட்ட இடத்தில் அழுகல் தொடங்கும். கட்டுகளைக் கூடையில் வேர் கீழாக நிறுத்தி மேலே ஈரச்சாக்கு போடுங்கள். சொட்டச் சொட்ட மூட்டையாக இறுக்கினால் நடுவில் சூடேறி விடிகாலையில் மஞ்சளாகவும் வாடையோடும் பிரியும். கீரை கெட்டுப்போவதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படி மூட்டை கட்டியவர்கள்தான்.

வெண்டைக்கு இதே ஈரம் எதிரி. மேலே தண்ணீர் தெளித்தால் முனையும் விளிம்பும் கறுக்கும். கையுறை போட்டுக் காம்போடு பறித்து, வாழையிலை விரித்த கூடையில் அமுக்காமல் போடுங்கள். நுனி 'படக்' என்று ஒடியும் பருவமே பறிப்புப் பருவம். ஒரு பறிப்பு தவறினால் அடுத்த முறை பாதிக்காய் நார் ஏறியிருக்கும். முற்றல்களைத் தோட்டத்திலேயே கழித்துவிட வேண்டும்; பத்துக் கிலோவில் அரைக்கிலோ முற்றல் கலந்தால் அந்தப் பத்துக் கிலோவும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கத்தரியைக் கிள்ளாமல் கத்தியால் காம்போடு வெட்டுங்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது காம்பின் பச்சையை. தோலின் மினுமினுப்புப் போயிருந்தால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று பொருள். முள்ளுள்ள ரகமானால் காம்புகளை ஒரே பக்கமாக அடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் முள் அடுத்ததைக் குத்தி, குத்தின இடம் காலையில் பழுப்பாகத் தெரியும்.

தக்காளியை மூன்று தரமாகப் பிரியுங்கள்: இன்றைக்கே சமைக்க நன்கு சிவந்தது, இரண்டு நாள் தாங்கும் செங்காய், நான்கைந்து நாள் தாங்கும் காய்ப்பதம். மூன்றும் மேடையில் இருந்தால் வாங்குகிறவர் கலந்து எடுத்துக்கொள்வார். பழுத்த தக்காளியைக் கீரைக்கும் கத்தரிக்கும் பக்கத்தில் இரவு முழுக்க வைக்காதீர்கள். பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், கத்தரிக் காம்பைக் காய வைக்கும்.

சில சந்தைகளில் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. மிச்சத்தை எல்லாம் அதில் தள்ளிவிடுவது தவறு. வெண்டை, கத்தரி, தக்காளி மூன்றுக்கும் பத்து டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது. மறுநாள் எடுத்து வெளியில் வைத்த ஒரு மணி நேரத்தில் குழிப்புள்ளியும் பழுப்பும் தோன்றும். கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட் போன்றவற்றுக்குத்தான் அந்தக் குளிர் உதவும். சின்ன வெங்காயத்துக்குக் குளிரும் வேண்டாம் ஈரமும் வேண்டாம், காற்றோட்டம் போதும்.

கொண்டு போவது

பத்து வகையில் மொத்தம் 60 முதல் 80 கிலோ வரும். தனி ஆட்டோ கட்டுப்படியாகாது. ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சரக்கு ஆட்டோ பேசி, பெட்டிக் கணக்கில் வாடகையைப் பிரித்துக்கொள்வதுதான் நடைமுறை. ஆள் கணக்கில் பிரித்தால் இரண்டு கூடைக்காரருக்கும் எட்டுப் பெட்டிக்காரருக்கும் சண்டை வரும். உழவர் சந்தை அட்டைக்காரர்களின் விளைபொருளுக்கு அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் இல்லை என்பது இந்தத் திட்டத்தோடு வந்த சலுகை; அட்டையை நடத்துநரிடம் காட்டத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் பயணச் சீட்டுக் கட்டணமும் இல்லை. கீரைக்கூடையோடு போகிறவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து நாள் வருமானத்தில் கண்ணுக்குத் தெரியும் மிச்சம்.

மூட்டையைவிட பிளாஸ்டிக் பெட்டி நல்லது. தக்காளியைச் சாக்கில் கட்டினால் அடியில் இருப்பது சட்னியாகிவிடும்.

விலை பிறக்கும் விதம்

அன்றைய விலையை நீங்கள் வைப்பதில்லை. விடிகாலையில் மொத்த மண்டி விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் விசாரித்து, உழவர் பிரதிநிதிகளும் அலுவலர்களும் சேர்ந்து நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக, சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டும் கணக்கு.

மண்டியில் கத்தரி கிலோ 30, கடையில் 50 என்றால் உழவருக்கு 36க்குக் குறையக் கூடாது, வாங்குகிறவருக்கு 42.50க்கு மேல் போகக் கூடாது. நடுவில் 38, 40 என்று விலை விழும். இரு தரப்புக்கும் நியாயம். மண்டியில் 40, கடையில் 50 என்றால்? இருபது சதவீதம் கூட்டினால் 48. பதினைந்து குறைத்தால் 42.50. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. கடை விலை மண்டி விலையைவிடச் சுமார் 41 சதவீதமாவது மேலே இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு ஒழுங்காக வேலை செய்யும். இடைவெளி சுருங்கிய நாளில் விலை பெரும்பாலும் வாங்குகிறவர் பக்கம்தான் சாயும். அப்படிப்பட்ட காயை அன்று குறைவாகக் கொண்டு போய், மீதியை மண்டிக்கு அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். விலைக் கூட்டத்தில் உழவர் பிரதிநிதியாக உட்காரும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். முன்தினம் ஒட்டன்சத்திரத்திலோ உங்கள் பக்கத்து மண்டியிலோ என்ன போனது என்று தெரிந்துகொண்டு பேசுகிறவரின் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு.

பலகை விலைக்கு மேல் விற்கக் கூடாது. கீழே விற்கலாம்; ஆனால் ஏழு மணிக்கே ஐந்து ரூபாய் குறைத்துக் கூவினால் பக்கத்து மேடைக்காரரோடு பகைதான் மிஞ்சும். பத்து மணிக்கு மேல் குறைக்கலாம் என்று மேடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கும் சந்தைகளில் எல்லாருக்கும் வரவு சீராக இருக்கும்.

தராசு

சந்தையில் தரும் மின்னணுத் தராசைக் காலையில் வாங்கி, விற்று முடித்ததும் ஒப்படைக்க வேண்டும். சொந்த மின்னணுத் தராசானால் ஆண்டுக்கொரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை பெற வேண்டும். முத்திரைச் சான்றைக் கூடவே வைத்திருங்கள். வைக்கும் இடம் சமமாக இருக்கட்டும், நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கட்டும். காலித் தட்டை வைத்துச் சுழியம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு அரை மணிக்கும் பாருங்கள்; தட்டில் ஒட்டிய மண்ணும் ஈரமும் சேர்ந்தால் எடை கூடுதலாகக் காட்டும். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் எண் நிலைக்காது. மின்கலம் இறங்கினாலும் இப்படித்தான், இரவே மின்னேற்றிவிடுங்கள்.

பாதிப் பேர் கால் கிலோ கேட்பார்கள். கிலோ 38 என்றால் கால் கிலோ 9.50. ஒவ்வொரு முறையும் ஐம்பது காசுக்குத் திணறுவதைவிட, கால் கிலோவுக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து கிராம் கூடவே போட்டுவிடுங்கள். கணக்கும் சரி, முகமும் மலரும்.

மேடையில்

எல்லாச் சரக்கையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். பாதியை அடியில் நிழலில் ஈரச்சாக்கு மூடி வைத்து, மேலே குறையக் குறைய எடுத்து வையுங்கள். எட்டரை மணிக்கு வருகிறவருக்கும் ஆறு மணிக் காய் போலவே இருக்க வேண்டும். கீரை முன்வரிசை, வழியில் போகிறவரை நிறுத்துவது அதுதான். கீரைக்கு நின்றவர் கத்தரியைப் பார்ப்பார்.

பொறுக்கி எடுக்க விடலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. தக்காளி, கத்தரிக்கு விடலாம். அழுத்திப் பார்க்கிறவரை மட்டும் 'அக்கா, நசுக்காதீங்க' என்று தடுத்தால் போதும். வெண்டையை விடக் கூடாது. ஒவ்வொருவரும் பத்துக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு ஐந்தை எடுப்பார். ஒடித்தது எல்லாம் உங்களுக்கு. நீங்களே மூன்று காயை அவர் கண்முன் ஒடித்துக் காட்டிவிட்டு அள்ளிப் போடுங்கள். 'நேத்து வாங்குனதுல ரெண்டு சொத்தைம்மா' என்று யாராவது வந்தால் வாதாட வேண்டாம், நாலு காய் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு ரூபாய்க் காயில் ஒரு வருட வாடிக்கை தங்கும்.

கொசுறு கொடுக்காமல் தப்ப முடியாது. கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தழையும் இல்லாமல் பையை மூட மாட்டார்கள். கொத்தமல்லி விலை ஏறிய நாளில் கொசுறே பெரிய செலவாகிவிடும். அதற்காகத்தான் வரப்பில் கறிவேப்பிலை வைக்கச் சொன்னது.

சில்லறை தனிப் பையில், நோட்டு மடியில். முதல் ஒரு மணி நேரத்துக்கு 10, 20 ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய்க்காவது வைத்திருங்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இன்னும் பல ஊரில் சாகவில்லை. அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது, தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். யுபிஐ அட்டையைத் தொங்கவிட்டால் பணம் வந்ததைக் குரலில் சொல்லும் கருவியும் வேண்டும். கூட்ட நேரத்தில் யாரோ காட்டும் திரையை நம்பிக் காயைக் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு.

மிஞ்சியது

பத்து மணிக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். மிஞ்சிய காயைக் கூறு கட்டி, கூறு இருபது ரூபாய் என்று வைத்தால் தராசு வேலையில்லாமல் அரை மணியில் போகும். பக்கத்தில் உள்ள மெஸ், டீக்கடைக்காரர்களில் இருவரை வாடிக்கையாக்கிவிட்டால் இந்த நேரச் சரக்கு அவர்களுக்கு. விலை குறைவு, ஆனால் நிச்சயம். கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி, மிளகாய் ஆகியவை வற்றலாகும். வற்றலைப் பாக்கெட் போட்டு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளராகப் பதிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். குளிர்பதனக் கிடங்கு இல்லாத சந்தையில் கீரை மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

நோட்டுக் கணக்கு

ஒவ்வொரு காய்க்கும் தினம் ஐந்து எண் எழுதுங்கள்: கொண்டு போனது, பலகை விலைக்கு விற்றது, கூறில் போனது, திரும்பியது, கைக்கு வந்த பணம். வாடகை, சாப்பாடு தனி வரியில். ஒரு காய் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து மிஞ்சினால் அடுத்த விதைப்பில் அதன் பரப்பைக் குறையுங்கள். எட்டு மணிக்குள் தீர்ந்துபோவதை இரண்டு சென்ட் கூட்டுங்கள்.

கத்தரி மட்டும் 60 கிலோ கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்டியில் கிலோ 30 வீதம் 1800 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம் என்றால் 180, வண்டியும் ஏற்றிறக்குக் கூலியும் 120, கையில் 1500. காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம். உழவர் சந்தையில் 50 கிலோ 38 ரூபாய்க்கு 1900, கூறில் 6 கிலோ 120, மீதி 4 கிலோ கழிவும் கொசுறும், மொத்தம் 2020. வண்டி, சாப்பாடு 160 போக 1860. வித்தியாசம் 360 ரூபாய். அதற்கு ஒரு ஆள் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார். அந்த நேரத்தில் தோட்டத்துக்குக் கூலி ஆள் வைக்க வேண்டியிருந்தால் அந்த 360ம் போய்விடும். அதே மேடையில் 40 கட்டுக் கீரையும் மற்ற எட்டு வகையும் இருந்தால் கதை வேறு, ஏனென்றால் சில்லறைக் கீரைக்கும் ஐந்து கிலோ பாகற்காய்க்கும் மண்டியில் விலையே கிடையாது. மேடையில் அவற்றால் வருவது முழுவதும் கூடுதல் வரவு.

வாரச்சந்தையும் மண்டியும்

உழவர் சந்தை எட்டாத ஊரில் வாரச்சந்தை இருக்கும். அங்கே சுங்கம் உண்டு. ஊராட்சியோ பேரூராட்சியோ வசூல் உரிமையை ஏலம் விட்டிருக்கும். கட்டண விவரப் பலகை எங்கே என்று பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரசீது கேட்காதவரிடம்தான் கூடுதலாகக் கேட்பார்கள். விலை நிர்ணயம் கிடையாது, பேரம் உண்டு. ஆகவே சொல்லும் விலையில் இரண்டு மூன்று ரூபாய் இறங்க இடம் வைத்துச் சொல்ல வேண்டும். முதல் போணிக்கு மட்டும் முறுக்கிக்கொள்ளாமல் கொடுத்துவிடுவது வழக்கம். கூட்டம் மாலையில் வருவதால் காலைப் பறிப்பே போதும், இரவுக் காவல் வேலை மிச்சம்.

மண்டியை முழுக்க விட்டுவிட வேண்டாம். பாதி ஏக்கருக்கு மேல் ஒரே காய் வந்து குவியும் நாளில் 200 கிலோவை எந்த மேடையிலும் விற்க முடியாது. ஒரு கமிஷன் கடையில் பெயர் இருக்கட்டும். தரமானதில் முப்பது கிலோ மேடைக்கு, மீதி அங்கே. வீட்டில் தோட்டத்துக்கு ஒருவர், சந்தைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாத குடும்பம் தினமும் உழவர் சந்தைக்குப் போக நினைக்காமல் வாரத்தில் புதன், சனி, ஞாயிறு என்று மூன்று நாள் வைத்துக்கொண்டு, வெண்டையின் பறிப்பு முறையையும் கீரை விதைப்பையும் அந்த மூன்று நாளுக்கே பொருத்திக்கொள்வது நல்லது.